சொந்த வேண்டுகோளின் பேரில்

தில்லி கிட்வாய் நகர் வீட்டுக்குள் ஷிம்லா நுழைந்து இன்றோடு எட்டு நாள் ஆகிறது. போன திங்கட்கிழமை சாயங்காலம் பட்டாபி ஆபீஸிலிருந்து மாற்றல் ஆர்டரோடு வந்தார் அல்லவா, அன்றையிலிருந்து அந்த இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் வேறு பேச்சே கிடையாது.

"தூக்கிப் போட்டுட்டாண்டி ஆனந்தம். கவர்மென்ட் ஆர்டர். நான் என்ன பண்ண முடியும்?" என்று அன்றைக்குக் கையை விரித்தார்.

அவர் மனைவி ஆனந்தலக்ஷ்மி அதை அப்படியே நம்பினாள். அவளுக்கு டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. ஒன்பது வருஷமாகத் தாற்காலிகம். இந்த மாதம்தான் நிரந்தரமாக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை டாக்டர் பரிசோதனை. அதில் தேறிவிட்டால் ஆர்டர் கையில். அப்படிப்பட்டவளைப் பார்த்து, ஜூன் பதினைந்துக்குள் மூட்டையைக் கட்டு என்றால் வயிறு எரியுமா எரியாதா? மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்காரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

பாவம், கோபத்தைத் தப்பான விலாசத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கே எழுபத்தொன்பதாம் வருஷத்து வெயில் ஜன்னல் வழியாக அடித்தது. பட்டாபி நாற்காலியில் உட்கார்ந்து ஆபீஸ் காகிதம் ஒன்றை நீட்டிப் பிடித்திருந்தார். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் சாதகம், வலது பக்கம் பாதகம். இருபது வருஷம் ஃபைலில் குறிப்பு எழுதிய கை. பெண்டாட்டியோடு பேச வேண்டியதைக்கூட நம்பர் போட்டுத்தான் எழுதும்.

எதிரே ஜோதிலிங்கம். மாடி வீட்டுக்காரர், திருநெல்வேலிப் பக்கம். தணிக்கை இலாகாவில் இருந்தபோது ஷிம்லாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பேப்பர் படிக்க வந்த மனிதரைப் பட்டாபி பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"சாதகம், நம்பர் ஒண்ணு. அனல் காத்து கிடையாது. நம்பர் ரெண்டு. ஆந்தி கிடையாது. இங்க அந்தப் புழுதிப் புயல் ஒண்ணு அடிச்சா வீடு பூரா மண்ணு. நம்பர் மூணு. ஃபேன் வேண்டாம், கூலர் வேண்டாம், கரண்ட் போனா போகட்டும்னு இருக்கலாம். நாலு. பஸ்ல தொங்க வேண்டாம், ஆபீஸுக்கு நடந்தே போகலாம். அஞ்சு. கொசு கிடையாது. ஆறு. பால் திரியாது. ஏழு..."

பதினான்கு சாதகம் படித்தார். அடுக்களையில் ஆனந்தம் சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"பாதகம் எத்தனை சார்?" என்றார் ஜோதிலிங்கம்.

"ரெண்டு. கொஞ்சம் குளிர். கொஞ்சம் மேடு பள்ளம். அவ்வளவுதான்."

ஜோதிலிங்கம் சிரித்த சிரிப்பில் காபி புரை ஏறியது.

"கொஞ்சம் குளிரா! நான் அங்க மூணு வருசம் குப்பை கொட்டினவன் சார். சனவரியில குழாய்த் தண்ணி உறைஞ்சு போகும். பல் தேய்க்கணும்னாலும் அடுப்பு மூட்டணும். அரிசி ஒழுங்கா வேகாது, பருப்பு அதைவிட மோசம், குக்கர் இல்லேன்னா பட்டினிதான். இட்லி மாவு மூணு நாளானாலும் பொங்காது. துவைச்ச வேட்டி ஒரு வாரம் ஈரமாவே தொங்கும். கொஞ்சம் மேடு பள்ளம்னு எழுதியிருக்கீங்களே, கடைக்குப் போகணும்னா எங்க வீட்டுலேருந்து நூத்துப் பன்னெண்டு படி. என் வீட்டுக்காரி தங்கத்துக்கு முட்டி போனது அங்கதான். வாங்கிட்டு வர்ற பழத்தைக் குரங்கு பாதி வழியில பிடுங்கிட்டுப் போயிரும்."

"நன்னா எதுவுமே இல்லையா?" பட்டாபியின் முகம் சுண்டிப்போயிற்று.

"இருக்கு சார், பொய் சொல்லக்கூடாது. மழை விட்ட மறுநாள் காலையில சன்னலைத் திறந்தா தூரத்துல வெள்ளை வெளேர்னு பனிமலை தெரியும் பாருங்க. அடடா! அன்னிக்கு ஒரு நாள் எல்லாத்தையும் மன்னிச்சிடலாம். மறுநாள் திரும்பவும் பருப்பு வேகாது."

பதினாறு வயசு ராஜி பின்னலைப் போட்டபடி வந்தாள். தில்லியிலேயே பிறந்த பெண். தமிழ் அவள் வாயில் முக்கால் வழி வந்து ஹிந்தியில் இறங்கிவிடும். "ஸ்னோ பார்க்கலாம், மஜா ஆயேகா. ஆனா அப்பா, அங்க ஸ்கூல் ஜனவரி, ஃபெப்ரவரி பூரா பந்த்தாமே? எனக்கு மார்ச்ல போர்ட் எக்ஸாம். யார் சொல்லித் தருவா?"

"அதெல்லாம் ஆத்துலயே படிச்சுக்கலாம்" என்றார் பட்டாபி.

ஆனந்தம் கரண்டியும் கையுமாக வாசற்படிக்கு வந்தாள். "அந்தப் பாதகத்துல என் வேலைன்னு ஒரு வரி எழுதலையா நீங்க?"

"அது எப்படிடி பாதகமாகும்? உனக்கு ரெஸ்ட்தானே? ஒன்பது வருஷம் கஷ்டப்பட்டாச்சு."

"ரெஸ்ட் வேணும்னு நான் யார்கிட்டயாவது கேட்டேனா?"

ஜோதிலிங்கம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நழுவினார். தண்ணீர் ஏழு மணிக்கு நின்றுவிடும் என்று பட்டாபி குளிக்கப் போனார். அதுவும் ஒரு நழுவல்தான்.

ராஜி ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அப்பாவின் மாற்றல் ஆர்டர் நம்பரைக் குறிப்பிட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அப்பாவின் தோல் பையைத் திறந்து ஆர்டரை எடுத்தாள். இத்தனை நாள் வீட்டில் எல்லோரும் பார்த்தது முதல் பக்கம் மட்டும். பையில் இரண்டாவது பக்கமும் இருந்தது.

"அம்மா, இதுல டிராவலிங் அலவன்ஸ் கிடையாதுன்னு போட்டிருக்கே! அப்போ ரயில் டிக்கெட், லாரி எல்லாம் நம்ம பைஸாவா?"

ஆனந்தத்தின் கை அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் படி."

ராஜி படித்தாள். பயணப்படி கிடையாது. பயணத்துக்கான விடுப்பும் கிடையாது.

மத்திய சர்க்கார் குடும்பத்தில் பத்து வயசுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். சர்க்கார் தன் தேவைக்காக ஒருத்தனைத் தூக்கிப் போட்டால், அவனுக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் டிக்கெட் கொடுக்கும், அவன் வீட்டுப் பானை சட்டிக்கு லாரி கொடுக்கும். கொடுக்கவில்லை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஆசாமி தானே கேட்டு வாங்கியிருக்கிறார். காகிதத்தில் அதற்குப் பெயர், சொந்த வேண்டுகோளின் பேரில்.

சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் ஸ்டவ்வை அணைத்தாள். குளியலறைக் கதவுக்கு எதிரே வந்து நின்றாள்.

பட்டாபி தலையைத் துவட்டியபடி வெளியே வந்தார். மனைவி கையில் இரண்டாவது பக்கம்.

"இது என்ன?"

"அது... டைப்பிஸ்ட் ஏதோ தப்பா..."

"டைப்பிஸ்ட் ஒரு எழுத்தை விடுவான். ஒரு பாராவை யாராவது தப்பாச் சேர்ப்பாளா? யாருக்குக் காது குத்தறேள்? கேட்டு வாங்கினேளா?"

துண்டை உதறினார். அதைக் கொடியில் போட்டார்.

"கேட்டு வாங்கினேளான்னு கேக்கறேன்!"

மாடியில் ஜோதிலிங்கம் வீட்டு ரேடியோ சட்டென்று நின்றது. கேட்டால் கேட்கட்டும்.

"ஆமாம். கேட்டேன். இப்போ என்ன?"

"என்ன காரணம் எழுதினேள்?"

"மெடிக்கல் கிரவுண்ட்."

"யாருக்கு என்ன வியாதி?"

பட்டாபி ராஜியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "உனக்குத்தான். ஆஸ்துமான்னு. தில்லிப் புழுதி ஒத்துக்கலை, மலைக் காத்து அவசியம்னு கரோல் பாக்ல ஒரு டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கினேன். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. எல்லாரும் பண்றதுதான்."

ஆனந்தம் கத்தினாள்.

"எனக்கா? எனக்கா ஆஸ்துமா? ஒன்பது வருஷத்துல ஒரு தும்மலுக்கு லீவு போட்டிருக்கேனா நான்? நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து உங்களுக்குச் சமைச்சுப் போட்டவளுக்கு, என்னை ஒரு வார்த்தை கேக்காம வியாதி எழுதிக் குடுத்திருக்கேளே! எட்டு நாளா என் எதிர்ல உக்காந்து, தூக்கிப் போட்டுட்டான், தூக்கிப் போட்டுட்டான்னு சொன்னேளே! வெட்கமா இல்லை?"

"நான் படற அவஸ்தை உனக்குத் தெரியுமா?" இப்போது பட்டாபியும் கத்தினார். "கலியமூர்த்தி, எனக்குக் கீழ இருந்தவன். நான் சொல்லிக் குடுத்து டிராஃப்ட் எழுதக் கத்துண்டவன். இன்னிக்கு அவன் என் ஆபீஸர். கதவைத் தட்டிண்டு, மே ஐ கம் இன் சார்னு தினம் நிக்கறேன். ஷிம்லா ஆபீஸ்ல நான்தான் இன்-சார்ஜ். எனக்குன்னு ஒரு ரூம், வாசல்ல பேர்ப்பலகை. நாப்பத்தேழு வயசாச்சுடி எனக்கு!"

"அவர் பரீட்சை எழுதினார், பாஸ் பண்ணினார். நீங்க ஏன் எழுதலை? சரி, போகட்டும். எனக்கு இங்க மூச்சு முட்டறது ஆனந்தம், எங்கயாவது போயிடலாம்னு நேரா சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். வந்தாலும் வந்திருப்பேன். என்னை வியாதிக்காரியாக்கி இழுத்துண்டு போகப் பார்த்தேளே, அதை எப்படி மன்னிக்கறது?"

ராஜி ஓரமாக நின்று அழுதாள். ஆனந்தம் சாப்பிடாமலே எட்டேமுக்கால் பஸ்ஸைப் பிடித்தாள். பஸ்ஸில் யார் காலை மிதித்தோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைஸர் மிஸஸ் பாட்டியா அவளைத் தன் மேஜைக்கு அழைத்தாள். நல்ல மனுஷி. அன்றைக்கு அவள் முகமே சரியில்லை.

"ஆனந்த்ஜி, உங்களுக்கு ஆஸ்துமா இருக்குன்னு ஏன் சொல்லவே இல்லை?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"யார் சொன்னா?"

மிஸஸ் பாட்டியா ஒரு கடிதத்தை நீட்டினாள். பட்டாபியின் ஆபீஸிலிருந்து வந்திருந்தது. கீழே கலியமூர்த்தியின் கையெழுத்து. அந்த மனிதர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருந்தார். தன் இலாகா ஊழியர் பட்டாபிராமனுக்கு மனைவியின் கடும் ஆஸ்துமாவை முன்னிட்டு ஷிம்லா மாற்றல் தரப்பட்டிருக்கிறது, அந்த அம்மாளுக்கும் ஷிம்லா எக்ஸ்சேஞ்சுக்கே மாற்றல் கொடுத்தால் குடும்பம் பிரியாமல் இருக்கும் என்று பரிந்துரை. கூடவே கரோல் பாக் சர்ட்டிபிகேட்டின் நகல்.

"இப்படி ஒரு காகிதம் வந்தப்புறம் மேலே உள்ளவங்க சும்மா இருப்பாங்களா? வியாழக்கிழமை வரை காக்க வேண்டாம், இன்னிக்கே மூணு மணிக்கு டாக்டரைப் பாருங்கன்னுட்டாங்க. ஆஸ்துமான்னு ஆயிட்டா நிரந்தரம் கிடைக்காது. தாற்காலிகம்கூட..." மிஸஸ் பாட்டியா கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

ஒன்பது வருஷம். காலையில் புருஷன் பொய் சொன்னார் என்றுதான் ஆத்திரம். இப்போது அந்தப் பொய் அவள் சோற்றில் கை வைத்துவிட்டது.

ஒன்றரை மணிக்கு அவள் போர்டுக்கு ஒரு போன் வந்தது. பட்டாபி.

"ஆனந்தம், விஷயம் தெரிஞ்சுது. இன்னிக்கு மூணு மணிக்கே டாக்டராமே. கலியமூர்த்தி எனக்கு உபகாரம் பண்றதா நினைச்சுண்டு லெட்டர் போட்டுட்டான். நீ டாக்டர்கிட்ட இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே. இல்லைன்னா நான் குடுத்தது பொய் சர்ட்டிபிகேட்னு ஆயிடும். சார்ஜ் ஷீட் குடுப்பான். சஸ்பெண்ட் பண்ணினாலும் பண்ணுவான்."

"அப்போ என் வேலை?"

"ஷிம்லா போனா அது எப்படியும் போகப் போறதுதானேடி? கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு விடு. ரெண்டு தடவை இருமிடு, போதும். எனக்காக."

ரெண்டு தடவை இருமிடு! ஒன்பது வருஷத்துக்கு அந்த மனிதர் போட்ட விலை ரெண்டு இருமல். ஆனந்தத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து போர்டுகளில் பெண்கள் இருந்தார்கள், கத்த முடியாது. வெளியூர் பேசுகிறவர்களிடம் தினமும் சொல்கிற அதே குரலில், "மூணு நிமிஷம் ஆயிடுத்து" என்றாள். போர்டிலிருந்து ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

மூன்று மணிக்கு இலாகா டிஸ்பென்ஸரி. டாக்டர் வயதானவர், பஞ்சாபி, அவசரமில்லாதவர். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, "ஸான்ஸ் லீஜியே" என்றார். அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். ஐந்து தடவை. டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கேட்கலை. ஆனால் ஆஸ்துமா எல்லா நாளும் கேட்காது, வரும் போகும். நீங்க சொல்றதையும் வச்சுத்தான் நான் எழுதணும். இருமல் உண்டா? ராத்திரி மூச்சுத் திணறுமா?"

அவள் மேஜைமேல் கிடந்த குழாயைப் பார்த்தாள்.

தொண்டை தானாகவே கரகரத்தது. இருமினால் இருமலாம், அவ்வளவு சுலபம். அந்த இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. அவரை சஸ்பெண்ட் செய்தால் பாதிச் சம்பளம். ராஜிக்கு மார்ச்சில் பரீட்சை. ஊரெல்லாம், புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேசும். கிட்வாய் நகரில் பேசாமல் இருப்பார்களா? எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இன்றைக்கு இரண்டு தடவை இருமினால், இனி ஆயுசு பூரா அந்த மனிதர் சொல்லும்போதெல்லாம் இரும வேண்டும். அதை நினைத்தபோது அவளுக்கு வந்த கோபத்தில் தொண்டை சரியாகிவிட்டது.

"கிடையாது" என்றாள். "எனக்கு ஆஸ்துமா எந்தக் காலத்திலும் இருந்ததில்லை."

"அப்போ இந்த சர்ட்டிபிகேட்?"

"அந்த டாக்டரை நான் பார்த்ததே இல்லை, ஸாப்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். ஆஸ்துமா இல்லை, வேலைக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார். "ஒரு காப்பி உங்க ஆபீஸுக்கு. ஒண்ணு, லெட்டர் எழுதின அந்த ஆபீஸருக்கு. நாளைக்குக் காலை தபாலில் போகும்."

வெளியே வேப்பமர நிழலில் பட்டாபி நின்றுகொண்டிருந்தார். அரை நாள் லீவு போட்டு ஸ்கூட்டர் ரிக்ஷாவில் வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் ஓடி வந்தார்.

"இருமினயா?"

உடம்பு எப்படி இருக்கு இல்லை. டாக்டர் என்ன சொன்னார் இல்லை. முதல் கேள்வியே அதுதான்.

அவள் காகிதத்தை நீட்டினாள். படித்தார். நிழலிலும் அவர் முகம் வெளுத்துப்போனது தெரிந்தது.

"என்னை முடிச்சுட்டியேடி! பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவள் செய்யற காரியமா இது?"

"பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவர் செய்யற காரியத்தை நீங்க பண்ணினேளா?" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "காப்பி நாளைக்குக் காலைலதான் போறது. உங்க ஆபீஸ் இன்னும் ரெண்டு மணி நேரம் திறந்திருக்கு. காகிதம் போறதுக்கு முன்னாடி நீங்களே போய், தப்பு பண்ணிட்டேன், பொய் எழுதிட்டேன்னு சொல்லிடுங்கோ. தானா வந்து சொன்னவனைக் கொஞ்சம் தயவு பண்ணுவா."

"கலியமூர்த்திகிட்டயா? அவன் எதிர்ல போய் நின்னு நானா?"

"வேற யாருகிட்ட சொல்லுவேள்?"

பட்டாபி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்கூட்டர் ரிக்ஷாக்காரன், "ஜல்தி கரோ பாபுஜி" என்று ஹாரன் அடித்தான். அவர் ஏறவும் இல்லை, அவனை அனுப்பவும் இல்லை. கடைசியில் சின்னக் குரலில் கேட்டார்.

"அப்போ ஷிம்லா?"

ஆனந்தம் அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அனுப்பினா தாராளமாப் போங்கோ, நல்ல ஊர்தான். வியாதிக்காரிக்குத்தானே மலைக் காத்து வேணும்னு எழுதினேள்? எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். நான் எதுக்கு வரணும்?"